ஐப்பசிச் சளி: மூன்று நாள் பொறுப்பதா, முதல் நாளே ஓடுவதா?

அடைமழை வாசு: பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் வீட்டிலேயே பார்க்கலாம் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். இது டெங்கு சீசனும்கூட. முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் சரி.

கற்பூரவல்லி: முதல் நாளே போனால் பாதிப் பேர் கையில் ஆன்டிபயாடிக் சீட்டோடுதான் திரும்புகிறார்கள், வாசு சார். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று நாளில் மூக்குச்சளி மஞ்சளாவது இயல்பு. இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும். இரண்டு வயதுக்குள் இருமல் சிரப் வேண்டாம் என்று மத்திய அரசே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. மூக்கடைப்புக்கு சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்து போதும்: பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் 2 சொட்டு. ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும்போது அரைத் தேக்கரண்டி தேன். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவவே கூடாது, போட்யூலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நோய் வரலாம்.

வாசு: எல்லா வயதுக்கும் ஒரே மூன்று நாளா? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

கற்பூரவல்லி: அதில் மறுப்பே இல்லை. நான் சொன்னது பால் குடித்து, விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு.

மூச்செண்ணி: இரண்டு பேரும் நாளையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது மூச்சை. பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டர். காய்ச்சலும் மூச்சைக் கூட்டும் என்பதால் சூடு தணிந்ததும் இன்னொரு முறை எண்ணலாம். ஆனால் மூச்சை இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். உதடு நீலம், பால் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு என்றால் 108.

தாமிரபரணி: வேது பிடித்தால் இளகிவிடுமே?

மூச்செண்ணி: சிறு பிள்ளைக்கு வேண்டாம் அக்கா. போர்வைக்குள் கொதிதண்ணீர் கவிழ்ந்து தொடை வெந்து வருவதுதான் மிச்சம். கற்பூரம் சேர்த்த தைலமும் இரண்டு வயதுக்குள் கூடாது. கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும்.

கற்பூரவல்லி: வீட்டில் அதிகம் பிசகுவது பாராசிட்டமால் அளவு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 10 கிலோ பிள்ளைக்கு 150. இது 5 மில்லியில் 250 உள்ள சிரப்பில் 3 மில்லி, 125 உள்ளதில் 6 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள ட்ராப்ஸில் வெறும் ஒன்றரை மில்லி. ட்ராப்ஸை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 போய்விடும். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் கிடையாது.

வாசு: இந்த சீசனில் ஐபுபுரூஃபன் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து கலந்த சிரப்பை வீட்டில் தொடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். மூக்கொழுகல் இல்லாத கடும் காய்ச்சல் என்றால் இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனை. டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் மோசமான நாள். அப்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று இருந்துவிடக் கூடாது.

கற்பூரவல்லி: சரி, டெங்கு சந்தேகத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மூக்கொழுகும் பிள்ளையை எதற்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்?

வாசு: பிள்ளையை விடுங்கள், அதே வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கும் பாட்டிக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் தொற்றினால்? ஃப்ளூவாக இருந்தால் ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். உங்கள் மூன்று நாள் கணக்கில் அது கழிந்துவிடும்.