வெளியே நிறுத்தினால் கூச்சல் ஏன் கூடுகிறது?

கேள்வி: பி.எட். மாணவி, மன்னார்குடி
எதிர்மறை வலுவூட்டலுக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பிடிபடவில்லை. நான் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்குப் பாடம் தொடங்கியதும் மேசையைத் தட்டிக் கூச்சலிடுகிறான். ஆசிரியர் அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்துகிறார். அவனோ எதிர்வயலில் குறுவைக்கு நாற்றுப் பறிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். இது தண்டனைதானே? பிறகு ஏன் கூச்சல் நாளுக்கு நாள் கூடுகிறது?

சிறப்புக் கல்வி ஆசிரியர், கும்பகோணம்
கூடுகிறது என்பதனாலேயே அது தண்டனை அன்று, அம்மா. ஒரு செயலுக்குப் பின் வரும் விளைவால் அச்செயல் மிகுந்தால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. விளைவைத் தருபவரின் நோக்கம் இங்கே கணக்கில் வராது. ஆய்வுக்கூடச் சோதனையில் நெம்புகோலை அழுத்தியதும் எலிக்கு உணவு கிடைத்தால் அது நேர் வலுவூட்டல். தரையில் பாயும் மின்னதிர்ச்சி நின்றால் எதிர்மறை வலுவூட்டல். இரண்டிலும் எலி அழுத்துவது கூடவே செய்யும். உங்கள் மாணவனுக்குக் கூச்சலிட்டதும் கணக்கு விலகிவிடுகிறது, வேடிக்கையும் கிடைக்கிறது. ஆசிரியருக்கும் உடனே வகுப்பு அமைதியாகிவிடுவதால், அவனை வெளியே அனுப்பும் அவருடைய வழக்கமும் வலுப்பெறுகிறது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. அப்படியானால் கண்டுகொள்ளாமல் விட்டால் அற்றுப்போகுமா?

உளவியல் முதுகலை மாணவர், மயிலாடுதுறை
செயலைத் தாங்கி நிற்கும் விளைவை நிறுத்துவதே அற்றுப்போகச் செய்யும் முறை. பிறர் கவனத்துக்காகக் கத்தும் பிள்ளைக்குக் கண்டுகொள்ளாமை பொருந்தும். கணக்கிலிருந்து தப்பக் கத்துபவனை அப்படி விட்டால், அவன் கணக்குப் போடாமலே தப்பிவிடுவான். விளைவை நிறுத்தத் தொடங்கும்போது கூச்சல் முன்னைவிட ஓங்கக்கூடும். அப்போது விட்டுக்கொடுத்தால், ஓங்கிய கூச்சலுக்கே வலுவூட்டியதாகும். 1959இல் உளவியலாளர் வில்லியம்ஸ் வெளியிட்ட ஆய்வில், படுக்கவைத்ததும் அழுத 21 மாதக் குழந்தையின் அறைக்குள் பெற்றோர் திரும்பிச் செல்லாதிருந்தபோது, முதல் இரவு 45 நிமிடம் நீடித்த அழுகை சில நாட்களில் நின்றது. பின்னர் அத்தை ஒருவர் ஒரே ஒரு முறை மனமிரங்கித் திரும்பி வந்ததும் மீண்டும் தலையெடுத்தது.

சிறப்புக் கல்வி ஆசிரியர், கும்பகோணம்
ஒன்று சேர்க்கிறேன்: தப்பும் வழியை மட்டும் அடைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது அந்தப் பிள்ளைக்குக் கொடுமை. கார், டூரண்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1985இல், கடினமான பணியில் உதவி கேட்கக் குழந்தைகளுக்குக் கற்பித்தபோது தொந்தரவு வெகுவாகக் குறைந்தது. எந்தக் கணக்கில் கூச்சல் தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துவாருங்கள். பின்னத்தில் மட்டும் என்றால், முதலில் இரண்டே எளிய பின்னக் கணக்குகளைக் கொடுத்து, "புரியவில்லை, சொல்லித்தாருங்கள்" என்று அவன் கேட்ட உடனே அருகில் போய் உட்காருங்கள்.