புதிய சிக்னேச்சர் பேஸ் கிட்டார் உண்மையிலேயே புதுமையானதா?

பாலாற்றங்கரை (காட்பாடி):

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கும், முகூர்த்த நாள்களில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கும் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். உலகப் புகழ்பெற்ற ஒரு பேஸ் கலைஞரின் பெயரில் அண்மையில் அறிவிக்கப்பட்டுள்ள ஐந்து தந்திக் கிட்டாரைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பேச்சு நிறுவனச் சண்டையாகத் திசைமாறிவிடக் கூடாது என்பதால் பெயர்களைத் தவிர்த்து, அதன் அமைப்பை மட்டும் சொல்கிறேன்.

அது ஹெட்லெஸ் வகை, அதாவது தலைப்பகுதி இல்லாதது. சுருதி சேர்க்கும் திருகுகள், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலேயே அமைந்துள்ளன. ஃப்ரெட்டுகள் (சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகள்) நேராக இல்லாமல் சாய்வாகப் பதிக்கப்பட்டிருப்பதால், மெல்லிய ஜி தந்தியின் நீளம் 34 அங்குலமாகவும் தடித்த பி தந்தியின் நீளம் 37 அங்குலமாகவும் இருக்கின்றன. உடற்பகுதி உள்ளே குடையப்பட்டு எடை குறைக்கப்பட்டுள்ளது. தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் இரண்டு பிக்கப்புகளின் ஒலியையும் தனித்தனி அவுட்புட்டுகளில் எடுக்கலாம். அந்தச் சைகையை வலுப்படுத்த, பேட்டரியில் இயங்கும் பிரியாம்ப் இருக்கிறது. பிக்கப்புகளுக்கு நடுவே விரல் தாங்கும் மரத்தட்டு ஒன்றும் இருக்கிறது.

இதனை முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு என்கிறது விளம்பரம். எங்கள் குழுவின் மூத்த கீபோர்டு கலைஞரோ, இதில் இருப்பவை அனைத்தும் பழைய சரக்கு என்கிறார். இறக்குமதிச் செலவையும் சேர்த்தால் பல பருவங்களின் சம்பாத்தியத்தை இதில் போட வேண்டியிருக்கும் என்பதால் கேட்கிறேன்: இதில் உண்மையான புதுமை என்று எதைச் சொல்லலாம்?

கோட்டைவெளி (வேலூர்):

தம்பி, உங்கள் கீபோர்டு கலைஞர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வோர் அம்சத்துக்கும் முன்னோர் உண்டு. தலைப்பகுதியே இல்லாத பேஸை நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கிலேயே கிராஃபைட் கலவையில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். சாய்வு ஃப்ரெட்டுக்கு ரால்ஃப் நோவாக் 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதற்கும் முன்னால், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வாசிக்கப்பட்ட ஆர்ஃபேரியன் என்னும் கம்பித் தந்தி வாத்தியத்திலேயே ஃப்ரெட்டுகள் சாய்வாக இருந்திருக்கின்றன. உள்ளே வெற்றிடம் கொண்ட பேஸை ஹாஃப்னர் நிறுவனம் 1950களில் விற்றது. பிக்கப்புகளைத் தனித்தனியாக வெளியே எடுக்கும் வசதியை ரிக்கன்பேக்கர் 1960களில் தந்தது. பிரியாம்ப் பொருத்தப்பட்ட பேஸைப் பெருமளவில் பரப்பியது 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. விரல் தாங்கும் தட்டைப் பிரபலமாக்கியவர் பேஸ் கலைஞர் கேரி வில்லிஸ். இபானெஸ் அவர் பெயரில் செய்த பேஸில் அது இடம்பெற்றது.

ஆனால் இந்தப் பட்டியலோடு கணக்கை முடித்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. ஒரு கலைஞரின் பெயர் தாங்கிய வாத்தியத்தைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவர் கையில் இருந்த வாத்தியம் எந்த இடத்தில் அவருக்குப் போதாமல் போனது? பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நான்கு தந்திகளுக்குக் கீழேயும் மேலேயும் சுரங்கள் தேவைப்பட்டதால், 1970களின் நடுவில் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞரிடம் சொல்லி ஆறு தந்திப் பேஸ் ஒன்றைச் செய்வித்தார். அதற்கு முன்பும் ஆறு தந்திப் பேஸ்கள் இருந்தன என்றாலும், அவை வேறு சுருதியமைப்பு கொண்டவை. கீழே ஒரு பி, மேலே ஒரு சி என்று அவர் வகுத்த அமைப்பே இன்று ஆறு தந்திப் பேஸின் வழக்கமாகிவிட்டது. இன்னொரு பேஸ் கலைஞர் பில்லி ஷீஹன் தம் பழைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் நெக்கை (கழுத்துப் பகுதியை) ஒட்டி இன்னொரு பிக்கப்பைத் தாமே பொருத்தி, அதன் அடர்த்தியான கீழ்ச்சுர ஒலியைத் தனி ஆம்பிளிஃபையருக்கு அனுப்பி வாசித்து வந்தார். யமஹா பின்னர் அவர் பெயரில் வெளியிட்ட பேஸ் அந்தத் தேவையைத்தான் ஒழுங்காகக் கட்டித் தந்தது. இரண்டிலும் முதலில் இசை இருந்தது, பிறகுதான் வாத்தியம் வந்தது.

இதற்கு மாறாக, பழைய வார்ப்பில் புதிய வண்ணத்தைப் பூசி, பின்புறம் கையெழுத்தைப் பொறித்து விற்கப்படுபவை ஏராளம். அவை நல்ல வாத்தியங்களாக இருக்கலாம். புதுமை என்று அவற்றைச் சொல்ல எனக்கு மனம் வராது. நீங்கள் சொல்லும் கிட்டாரின் விளம்பரத்தில் அந்தக் கலைஞர் எதற்காக இவற்றையெல்லாம் கேட்டார் என்ற விளக்கம் இருந்தால் அதை இங்கே எழுதுங்கள்.

ஆம்பூர் சுருதி:

கோட்டைவெளி ஐயா சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. இருந்தாலும், முதன்முதலில் யார் செய்தார் என்பதையே அளவுகோலாக வைத்தால் 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸும் தேறாது. ஃப்ரெட் வைத்த மின் பேஸை பால் டட்மார்க் 1930களிலேயே சியாட்டிலில் செய்து விற்றிருக்கிறார். அது பரவவில்லை, ஃபெண்டருடையது உலகெங்கும் பரவியது. உறுதியான உடல், சரியான எடை, எளிதாகப் பழுது பார்க்கக்கூடிய கட்டுமானம், பின்னால் நின்று ஒலிக்க ஓர் ஆம்பிளிஃபையர் என்று எல்லாம் ஒன்றாகக் கூடி வந்ததுதான் அங்கே புதுமை. தெரிந்த பொருள்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்ப்பதும் படைப்பே. தலையை எடுத்ததால் முன்பக்கக் கனம் குறைகிறது. அதனால் உடலைக் குடைந்தாலும் நெக் கீழே சாய்வதில்லை. அந்தச் சமநிலைதான் 37 அங்குலத் தந்திக்கு ஏற்ற நீண்ட நெக்கைத் தோளில் தாங்க விடுகிறது. இப்படி ஒன்றுக்கொன்று காரணமாக அமைந்திருந்தால் அந்த வடிவமைப்பாளருக்கு உரிய பாராட்டைத் தரத்தான் வேண்டும்.

ராணிப்பேட்டை பட்டறை:

கிட்டார் பழுது பார்ப்பவன் என்ற முறையில், உங்கள் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிறேன். அதே தடிமனுள்ள தந்தியை அதே சுருதியில் 34 அங்குலத்திலிருந்து 37 அங்குலத்துக்கு நீட்டினால் இழுவிசை ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். பி தந்தி தொளதொளப்பில்லாமல் நிற்பதற்கு அதுவே காரணம். இன்னொரு பயன் காதுக்குத்தான் தெரியும். தடித்த தந்தி குட்டையாக இருந்தால், விறைப்பின் காரணமாக அதன் மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வோடு சேர்ந்தொலிக்கும் உயர் அதிர்வுகள்) சரியான இடத்திலிருந்து சற்றே உயர்ந்து விலகி, சுருதி கலங்கியதுபோல் ஒலிக்கும். நீளம் கூடும்போது அந்த விலகல் குறைகிறது. பி தந்தியின் அடிப்படை அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். திருமண மண்டபங்களில் வைக்கப்படும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை. கேட்பவர் அந்தச் சுரத்தை அடையாளம் காண்பதே மேற்சுரங்களைக் கொண்டுதான் என்பதால், இந்த நீளம் நம் ஊர் மேடையிலும் பயன்படும்.

இரட்டை அவுட்புட் அப்படியல்ல. சவுண்ட் சர்வீஸ்காரர் பேஸுக்கு மிக்ஸரில் ஒரு சேனலுக்கு மேல் தருவது அரிது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை உங்களுக்கு வீண். பிரியாம்ப் விஷயத்தில், பேட்டரி தீர்ந்தாலும் ஒலி வரும்படி பாஸிவ் சுவிட்ச் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேலூர் வெயிலில் வைத்து எடுத்துவிட்டு, இரவில் குளிரூட்டிய மண்டபத்தில் வாசித்தால் எந்த மர நெக்கும் அசையும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் திருப்ப எளிதில் வழி இருக்க வேண்டும். நான் வாங்குவதானால், பெயர் பொறிக்காத சாய்வு ஃப்ரெட் பேஸ் ஒன்றை முதலில் வாசித்துப் பார்த்த பிறகே முடிவெடுப்பேன்.

பாலாற்றங்கரை (காட்பாடி):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோட்டைவெளி ஐயா கேட்ட விளக்கம் விளம்பரத்தில் இருக்கிறது: பி தந்தியில் வேகமாக வாசிக்கும்போது சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடுவதாகவும், அதற்காகவே நீளத்தைக் கேட்டதாகவும் அந்தக் கலைஞர் சொல்லியிருக்கிறார். இரட்டை அவுட்புட்டுக்குக் காரணம் எதுவும் தரப்படவில்லை. பட்டறை அண்ணா சொன்னபடி முதலில் ஒரு சாதாரண சாய்வு ஃப்ரெட் பேஸைத் தேடுகிறேன். ஒரே ஓர் ஐயம்: ஹெட்லெஸ் பேஸுக்கு இரு முனையிலும் குமிழ் உள்ள தனித் தந்திதான் வேண்டும் என்கிறார்களே, அது இங்கே எங்கே கிடைக்கும்?

ராணிப்பேட்டை பட்டறை:

இப்போது வரும் பல ஹெட்லெஸ் பேஸ்களில் நெக்கின் நுனியில் தந்திகள் அமரும் நட்டுக்குப் பின்னால் சிறு திருகு வைத்த பிடிப்பான் இருக்கும். அவற்றில் சாதாரணத் தந்தியே போதும், ஆனால் 37 அங்குலத்துக்கு எட்டும் நீளமுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது திருகை நன்றாக இறுக்கிய பிறகே மிஞ்சிய தந்தியை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டால், மேலே சுற்றியிருக்கும் கம்பி உள்கம்பியை விட்டு நழுவி, தந்தி உயிரில்லாமல் மந்தமாக ஒலிக்கும். பிறகு புதுத் தந்தி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.