‘ரன்’ எண்டால் ஓடுறது மட்டுமோ?

வினோ: பெரியமாமா நிக்கிறியளோ? ரியூசன்ல ஒரு தாள் தந்தவை. ‘ரன்’ எண்ட சொல்லுக்கு ஒத்த கருத்துச் சொல்லுகளாம். நாளைக்குப் பாடமாக்கிக்கொண்டு வரட்டாம்.

பெரியமாமா: நிக்கிறன் பிள்ளை. தாளைப் படம் எடுத்துப் போடு பாப்பம்.

வினோ: [படம்]

பெரியமாமா: ஸ்பிரின்ற், ஜொக், ஃப்ளோ, ஒப்பரேற், மனேஜ், கொன்ரெஸ்ற்... எல்லாத்தையும் ஒரே நிரையில அடுக்கிக் கிடக்கு. இப்பிடியே பாடமாக்கினியெண்டால் சோதனையில வசனம் எழுதேக்க தடுமாறுவாய்.

வினோ: ஏன் மாமா? எல்லாம் சரியான சொல்லுத்தானே?

பெரியமாமா: சொல்லு சரி. ஆனா ஒண்டின்ர இடத்தில மற்றதைப் போடேலாது. தடிமன் பிடிச்சால் ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ எண்டுவம். அதில மெல்ல ஓடுறதுக்குச் சொல்லுற ‘ஜொக்கிங்’ எண்டு போட்டுப் பார்.

சித்தி: 😂😂

பெரியமாமா: ‘ஷி ரன்ஸ் எ ஷொப்’ எண்டால் கடை நடத்திறா. அதில ‘ஃப்ளோஸ்’ எண்டு போடுவியோ? ஒரு சொல்லுக்குப் பத்துக் கருத்து இருந்தால், ஒவ்வொரு கருத்துக்கும் அதின்ர ஒத்த சொல்லு வேற. தாளில அதைப் பிரிச்சுக் குடுக்கேல்ல. எனக்கு அதுதான் மனவருத்தம். முப்பது வருசத்துக்கு மேல படிப்பிச்சனான், இப்பிடிப் பாடமாக்கின பிள்ளையள் நல்ல கெட்டிக்காரராய் இருந்தும் வசனத்தில பிழை விட்டவை.

குமரன் அண்ணா (கனடா): மாமா, இஞ்சை எலெக்சன் வந்தால் ‘ரன்னிங் ஃபோர் மேயர்’ எண்டுதான் சொல்லுறவை. வந்த புதுசில ஆர் எங்க ஓடுகினமெண்டு யோசிச்சனான்.

பெரியமாமா: ஓம் குமரன், அது வட அமெரிக்க வழக்கு. பிரித்தானியாவில ‘ஸ்ராண்ட்’. அங்க ஓடுறவர் இங்கிலாந்தில நிக்கிறார். நாங்களும் ‘எலெக்சன்ல நிக்கிறார்’ எண்டுதானே சொல்லுறம். வினோ, உன்ர தாளில இருக்கிற ‘கொன்ரெஸ்ற்’ இந்தக் கருத்துக்கு மட்டும்தான் வரும். பக்கத்தில ‘தேர்தல்’ எண்டு எழுதி வை.

வினோ: எழுதிட்டன். மொத்தமா எத்தினை கருத்து மாமா இதுக்கு?

பெரியமாமா: ஒக்ஸ்போர்ட் பேரகராதியின்ர 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில ‘செற்’ எண்ட சொல்லுக்குத்தான் ஆக நீளமான விளக்கம். பேந்து திருத்தேக்க ‘ரன்’ அதை முந்திட்டுது. வினைச்சொல்லா மட்டும் 645 கருத்து. பீற்றர் கில்லிவர் எண்ட அகராதிக்காரர் அந்த ஒரு சொல்லோட ஒன்பது மாதம் இருந்தவர்.

வினோ: 645ஆ!!

பெரியமாமா: பயப்பிடாத. உனக்கு ஒரு பன்ரெண்டு தெரிஞ்சால் காணும். மெசின் ஓடத் தொடங்கின பிறகு எஞ்சின், பஸ், ரெயின், கொம்பியூட்டர் புரோகிராம் எல்லாத்துக்கும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தவை, அதால கருத்தும் பெருகிப்போச்சு.

சித்தி: அண்ணா, அம்மா பக்கத்தில இருந்து கேக்கிறா. தமிழில ‘ஓடு’ எண்டதும் அப்பிடித்தானே எண்டு. படம் ஓடுது, மணிக்கூடு ஓடுது, கார் ஓடுறது.

பெரியமாமா: அம்மா சரியாப் பிடிச்சிட்டா. ஆனா அதிலதான் எங்கட பிள்ளையள் வழுக்கிறது. ‘அவன் கார் ஓடுறான்’ எண்டதை ‘ஹீ ரன்ஸ் எ கார்’ எண்டு எழுதினால் கருத்து மாறிப்போம். அது கார் ஒண்டை வச்சுப் பெற்றோல், ரிப்பெயர், இன்சூரன்ஸ் எண்டு செலவழிக்கிறதைச் சொல்லும். ஓடுறதுக்கு ‘ட்ரைவ்ஸ்’தான் போட வேணும்.

குமரன் அண்ணா (கனடா): அது மெய். இஞ்சை கார் ‘ரன்’ பண்ணுற செலவுதான் ஆளை முறிக்குது.

பெரியமாமா: மற்றப் பக்கமும் இருக்கு. அவை ஓடுது எண்டுற இடத்தில நாங்கள் ‘போகுது’ எண்டுவம். காங்கேசன்துறை றோட்டு யாழ்ப்பாணத்தில இருந்து வடக்கால போகுது. இங்கிலிசில ‘த றோட் ரன்ஸ் நோர்த்’. றோட்டு அசையேல்ல, ஆனாலும் ரன்.

சித்தி: சாயம் போறதுக்கு என்ன சொல்லுறவை? வினோன்ர சிவப்புப் பாவாடையை வெள்ளைச் சட்டையளோட ஊறப்போட்டு, எல்லாம் இளஞ்சிவப்பாப் போச்சு.

பெரியமாமா: நல்ல கேள்வி. அதுவும் ரன்தான். ‘த கலர் ரான்’. நீர்மாதிரி ஓடிப் பரவுற கருத்து. மூக்கு, பைப், ஆறு, சாயம் நாலும் ஒரு வீடு. ‘ஃப்ளோ’ ஆத்துக்குப் பொருந்தும், சாயத்துக்குப் பொருந்தாது. பாத்தியே வினோ, ஒரே வீட்டுக்குள்ளயும் எல்லாம் ஒண்டில்லை.

வினோ: இப்பதான் விளங்குது மாமா.

சித்தி: அம்மா ஏதோ சொல்லுறா, குரலில போடுறன்.

அம்மம்மா: [குரல் செய்தி] தம்பி, எங்கட ஐயா விடியப்பறம் திண்ணையில இருந்து நிகண்டு சொல்லுவார். ஒரு பொருளுக்கு இத்தினை பேர் எண்டு பாட்டாவே வரும். எனக்கு இப்பவும் கொஞ்சம் ஞாபகமிருக்கு.

பெரியமாமா: அது சூடாமணி நிகண்டு அம்மா. ஆறுமுக நாவலர் 1849இல அச்சுயந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனவர், அங்கயே அச்சிட்டுக்கொண்டு வந்த புத்தகங்களில சூடாமணி நிகண்டுரையும் ஒண்டு. ரோஜே எண்ட வைத்தியர் இங்கிலிசில ஒத்த சொல்லுகளைக் கருத்துவாரியாத் தொகுத்து வெளியிட்டது 1852இல. நிகண்டு அதுக்கு எவ்வளவோ காலம் முந்தினது. வினோ, நீ இதைக் கவனி: பன்ரெண்டு தொகுதியில முதல் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம் எண்டு ஒரு பொருளுக்குப் பல பேர். பதினோராவது ஒரு சொல்லுக்குப் பல பொருள். இரண்டையும் கலக்காமல் வேற வேறயா வச்சவை. உன்ர தாளில கலந்து கிடக்கிறதும் இந்த ரண்டும்தான்.

குமரன் அண்ணா (கனடா): மாமா இதை முந்தி எங்களுக்கும் சொல்லித் தந்திருக்கலாம்.

பெரியமாமா: சொன்னனான். நீ அப்ப கிரிக்கெட்டில நிண்டனி.

வினோ: கிரிக்கெட் ரன் இதிலயே வரும் மாமா?

பெரியமாமா: வரும், அங்க பெயர்ச்சொல். ‘ரன் அவுட்’ எண்டால் ஆட்டமிழப்பு. ஆனா ‘வீ ரான் அவுட் ஒஃப் சுகர்’ எண்டால் வீட்டில சீனி முடிஞ்சுது. ‘ரன் இன்ரு’ எண்டால் எதிர்பாராமல் சந்திக்கிறது, வாகனமெண்டால் மோதுறது. பின்னால வாற சின்னச் சொல்லு கருத்தையே திருப்பிப்போடும். தாளில இது ஒண்டும் இல்லை, சோதனையில இதுதான் கூட வரும்.

வினோ: அப்ப நாளைக்குத் தாளைப் பாடமாக்கிறேல்லையோ?

பெரியமாமா: ஆக்கு. ரீச்சர் சொன்னதைச் செய்யத்தான் வேணும். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலயும் அது பொருந்துற ஒரு வசனம் எழுது. மனேஜ் எண்டால் கடை. ஸ்பிரின்ற் எண்டால் நூறு மீற்றர். சந்தேகமெண்டால் போனில மாணவர் அகராதி ஒண்டைத் திறந்து உதாரண வசனத்தைப் பார், கருத்தோட நிண்டிடாத.

வினோ: ஆறு எழுதிட்டன் மாமா. [படம்]

பெரியமாமா: அஞ்சு சரி, நல்ல வசனம். நாலாவதில ‘ஹாஸ் ரான்’ எண்டு கிடக்கு. ‘ஹாஸ்’ வந்தால் ‘ரன்’தான். மாத்திப்போட்டு மிச்சத்தை எழுது, சாப்பிட்டிட்டு வந்து பாக்கிறன்.