முதன்முறையாகப் பாப்டிஸ்ட் சபைக்குச் செல்கிறோம்: திருவிருந்து, இறுதி அழைப்பு பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நாசரேத் மகள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்த நான், கணவரின் வேலை காரணமாக இப்போது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் குடியிருக்கிறேன். அடுத்த வீட்டிலுள்ள வயதான தம்பதியர், தாங்கள் செல்லும் பாப்டிஸ்ட் சபையின் ஞாயிறு ஆராதனைக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். பாட்டுப் புத்தகம், பியானோ, பாடகர் குழு எனப் பழைய முறையிலேயே ஆராதனை நடத்தும் சபை அது என்றார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் உடன் வருகிறார்.

அம்மா குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, பின்பு திடப்படுத்தலும் (விசுவாசத்தைத் தானே சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர், திருவிருந்தை (இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சைச் சாறும் பகிரும் சடங்கு) தவறவிடாதவர். அங்கே திருவிருந்து நடந்தால் அவர் பங்குபெறலாமா? ஆராதனை முடிவில் மக்களை முன்னால் வரும்படி அழைப்பார்களாமே, அப்போது எங்கள் இடத்திலேயே இருந்துவிட்டால் மரியாதைக் குறைவாகுமா? உங்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று யாராவது சொல்லி, அம்மாவின் மனம் புண்பட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் பெரிய கவலை.

பதில்: ஜார்ஜியாவிலிருந்து

அன்புச் சகோதரி, தயங்காமல் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கண் பீடத்தைத் தேடும்; அங்கே பீடம் இராது. நடுவில் பிரசங்க மேடையும், அதற்கு முன்னால் தரைமட்டத்தில் "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்ற வசனம் செதுக்கிய ஒரு மர மேசையும் இருக்கும். மேடைக்குப் பின்னால், பாடகர் குழுவின் தலைக்கு மேலே, திரையிட்ட திறப்பு ஒன்று தெரியும். அதற்குள் இருப்பது முழுக்கு ஞானஸ்நானத்துக்கான தண்ணீர்த் தொட்டி; அதன் பின்சுவரில் யோர்தான் நதிக்கரையை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கும் சபைகளும் உண்டு.

அந்தத் தொட்டியைச் சபையார் அனைவரும் பார்க்கும்படி உயரத்தில் அமைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயரான ஜான் ஸ்மித்தும் அவருடைய கூட்டத்தாரும், தானாக விசுவாசித்து அறிக்கையிடுபவருக்கே ஞானஸ்நானம் என்று தீர்மானித்துத்தான் இந்த மரபைத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி, மனிதரின் ஆத்துமாவின்மேல் அரசருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியதற்காகச் சிறைப்பட்டு, சிறையிலேயே இறந்தார். விசுவாசத்தில் வற்புறுத்தல் கூடாது என்பதற்காக உயிரைக் கொடுத்த மரபு இது. ஆகவே அந்த இறுதி அழைப்பைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

பிரசங்கம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து ஒரு பாட்டைப் பாட, போதகர் மேடையிலிருந்து இறங்கி முன்னால் நிற்பார். கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ள விரும்புபவர்களும், அந்தச் சபையில் சேர விரும்புபவர்களும், தங்களுக்காக ஜெபிக்கக் கேட்பவர்களும் அவரிடம் செல்வார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே பாடிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அப்படியே நில்லுங்கள். மரியாதைக்காக முன்னால் போய்விட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனால், நீங்கள் ஒரு தீர்மானம் எடுத்திருப்பதாகக் கருதி, உங்களை உட்காரவைத்துப் பெயர், விவரங்களை எழுதிக்கொள்வார்கள்.

பதில்: வேத மாணவர்

முந்தைய பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வற்புறுத்த மாட்டார்கள் என்பதால் திருவிருந்தும் எல்லாருக்கும் பொதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் தென்னகப் பாப்டிஸ்ட் அமைப்பு (Southern Baptist Convention) 1925-இல் ஏற்று, 1963-இலும் 2000-இலும் திருத்திய விசுவாச அறிக்கை, முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற பின்பே திருவிருந்து என்று சொல்கிறது. ஆனால் பாப்டிஸ்டுகளிடம் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும். எனவே கிறிஸ்துவை விசுவாசிக்கும் எவரும் பங்குபெறலாம் என்று அறிவிக்கும் சபைகளும் உண்டு, தங்கள் அங்கத்தினருக்கு மட்டும் என்று வரையறுக்கும் சபைகளும் உண்டு. அழைத்த தம்பதியரிடம் முன்னதாகவே கேட்டுவிடுவதுதான் நல்லது.

திருவிருந்து இருந்தால், யாரும் முன்னால் சென்று முழங்காற்படியிட மாட்டார்கள். சிறு அப்பத் துண்டுகளும், சின்னஞ்சிறு கிண்ணங்களில் திராட்சைச் சாறும் தட்டுகளில் வைக்கப்பட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். பங்குபெறாவிட்டால் தட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். உங்களுக்கு முன்னால் உள்ள இருக்கையின் முதுகில் வட்டத் துளைகளோடு ஒரு சிறு மரத்தட்டு இருக்கும்; அது காலிக் கிண்ணத்தை வைப்பதற்கு.

அம்மாவிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. 1970-இல் வடக்கே சி.என்.ஐ. (வடஇந்தியத் திருச்சபை) உருவானபோது வடஇந்தியப் பாப்டிஸ்ட் சபைகளும் இணைந்தன. குழந்தை ஞானஸ்நானம், விசுவாசியின் ஞானஸ்நானம் இரண்டுக்கும் அங்கே இடம் கிடைத்தது. இந்தக் கருத்து வேறுபாடு அவரவர் விசுவாசத்தை மதித்தே பேசப்பட்டு வந்திருக்கிறது. அம்மா பெற்றதை யாரும் இழிவாகப் பேசுவதாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பதில்: அட்லாண்டா வாசகி

பாரம்பரியப் பாப்டிஸ்ட் ஆராதனை என்றால் ஒரே வகை என்று யாரும் நினைக்காதிருக்க இதை எழுதுகிறேன். அடிமைகளை வைத்திருப்பவர்களை மிஷனரிகளாக அனுப்பலாமா என்ற பிணக்கில்தான் 1845-இல் தென்னகப் பாப்டிஸ்ட் அமைப்பு தனியாகப் பிரிந்தது. அந்தப் பாவத்துக்காக 1995-இல் அது வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கறுப்பினத்தாரின் பாப்டிஸ்ட் சபைகள் தனி மரபாக வளர்ந்தவை. நான் செல்லும் சபையில் பிரசங்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் சபையார் குரல் கொடுப்பார்கள். வெண்கையுறை அணிந்த பணிவிடையாளர்கள் வழிகாட்டுவார்கள். நேரம் ஒரு பொருட்டல்ல. நீங்கள் செல்லும் சபை இதைவிட அமைதியாக இருக்கலாம். இரண்டையும் ஒருமுறை பாருங்கள்.

கேட்டவர்: நாசரேத் மகள்

மிக்க நன்றி. அடுத்த வீட்டு அம்மையாரிடம் கேட்டேன்; இந்த ஞாயிறு திருவிருந்து இல்லையாம். அம்மா சேலை உடுத்தி, முக்காடிட்டுத்தான் வருவேன் என்கிறார். அது அங்கே வித்தியாசமாகப்படுமா?

பதில்: ஜார்ஜியாவிலிருந்து

தாராளமாக வரட்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்களும் பெண்களும் குடும்பமாகச் சேர்ந்தே உட்காருவார்கள். காணிக்கைத் தட்டு வரும்போது விருந்தினர் போட வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். ஆராதனைக்கு முன் நடக்கும் ஞாயிறு பள்ளியில் பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் நேராக ஆராதனைக்கே அழைத்துச் செல்லுங்கள்.