கிரியாட்டின், கல்லீரல், ரத்தப் பரிசோதனை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். வயது 29, சுத்த சைவம். ஜிம் போக ஆரம்பித்து எட்டு மாதம். நான்கு மாதமாகத் தசை வலுவுக்கென்று தினமும் 5 கிராம் கிரியாட்டின் பவுடர் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் வருடாந்திர செக்கப் வந்தது. கல்லீரலுக்காகப் பார்க்கும் நொதிகளான எஸ்ஜிஓடி 140, எஸ்ஜிபிடி 85, இரண்டும் நார்மலைத் தாண்டியதால் தடித்த எழுத்தில். கிரியாட்டினிலிருந்து உண்டாகி கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 1.3. அன்று இரவே டப்பா குப்பைக்குப் போனது. மறுநாள் காலை அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன, இரவெல்லாம் தூங்கவில்லை போல.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் கொடுக்கறதுக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். முந்தின நாள் மாலைதான் ஸ்குவாட்டில் எடையைக் கூட்டியிருந்தேன். லேபின் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். தசை நைந்ததைக் காட்டும் சிபிகேயும், இன்னொரு கல்லீரல் நொதியான ஜிஜிடியும் எழுதிக் கொடுத்தார். சிபிகே 3,200. ஜிஜிடி வெறும் 22. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலும் இருக்கின்றன, தசை நைந்தால் ரத்தத்தில் கலந்துவிடும், ஜிஜிடி அப்படித் தசையிலிருந்து வராது என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு வாரம் ஜிம்மும் இல்லை, பவுடரும் இல்லை. அப்புறம் பார்த்தால் எஸ்ஜிஓடி 27, எஸ்ஜிபிடி 36, கிரியாட்டினின் 1.0. ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு வாரமாவது கனமான எடையைத் தொடாதீர்கள். லேபில் கேட்கவே மாட்டார்கள், நாமே சொல்ல வேண்டும்.

*

கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் ஃபேட்டி லிவருக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று கிரியாட்டின் டப்பாவோடு வந்தார். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் உடம்பே தினமும் சுமார் 1 கிராம் கிரியாட்டின் செய்கிறது. சிறுநீரகம் அர்ஜினின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை வைத்துப் பாதி வேலையைச் செய்து அனுப்பும். கல்லீரல் ஒரு மீத்தைல் தொகுதியை, அதாவது ஒரு கார்பன் உள்ள சின்னத் துண்டை, ஒட்டி முடித்துக் கொடுக்கும். உடம்பின் மீத்தைல் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் இதற்கே போகிறது என்பது பழைய கணக்கு. கல்லீரலில் சேரும் கொழுப்பை வெளியே ஏற்றி அனுப்ப பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற பொருள் வேண்டும், அதில் ஒரு பகுதியைச் செய்யவும் இதே மீத்தைல்தான். கிரியாட்டினை வெளியிலிருந்து கொடுத்தால் மீத்தைல் மிச்சமாகுமே என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொழுப்பு குறைந்தது. மனிதர்களில் அது நிரூபணம் ஆகவில்லை. அண்ணனிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கூட்டச் சொன்னேன்.

*

மேலே "கல்லீரல் முடித்துக் கொடுக்கும்" என்று படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா குடித்ததே இல்லை. இருபது வருட சர்க்கரை, ஃபேட்டி லிவர், கடைசியில் கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து, நீர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது கிரியாட்டினின். 0.7. கிட்னியாவது நன்றாக இருக்கிறதே என்று அம்மாவிடம் சொல்லித் தேற்றுவேன்.

ஆனால் அப்பாவின் கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தோளில் சட்டை தொங்கியது. வயிறு மட்டும் பெரிதாக இருந்ததால் எடை குறைந்தது தெரியவே இல்லை.

ஒரு மாதம் 1.2 வந்தது. லேப் ரிப்போர்ட்டில் அது நார்மலுக்குள்தான், தடித்த எழுத்து இல்லை. டாக்டர் அன்றே அட்மிட் பண்ணச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இதுதான்: கெட்டுப்போன கல்லீரல் கிரியாட்டினைக் குறைவாகத்தான் செய்யும். அதைச் சேர்த்துவைக்கும் தசையும் கரைந்துவிட்டது. கிரியாட்டினே குறைவு என்றால் அதிலிருந்து வரும் கிரியாட்டினினும் குறைவாகத்தான் இருக்கும், கிட்னி கெட்டிருந்தாலும். அப்பாவுக்கு 0.7 என்பதே நல்ல எண் இல்லை. 0.7 இலிருந்து 1.2 ஆனது பெரிய ஏற்றம். கிட்னியின் வேலையைக் காட்டும், ஆனால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். கிட்னி பாதி அளவுக்குத்தான் வேலை செய்கிறது என்று வந்தது.

நீர் மாத்திரையை நிறுத்தி ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றினார்கள். ஆறாவது நாள் சிறுநீர் சரியாகப் போனது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு போட்டேன். கிரியாட்டினின், எடை, கை புஜத்தின் சுற்றளவு, மூன்றையும் தேதியோடு எழுதுகிறேன். இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தசை கரையாமல் இருக்க. ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்கிறேன்.

வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருப்பவர்கள் சிஸ்டாட்டின் சி எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறீர்கள்?