பதினொன்றாம் வகுப்புப் பையனைக் கோடைகால பிசினஸ் வகுப்புக்கு அனுப்பலாமா?

கோத்தகிரிக்காரன்: பையன் காமர்ஸ் குரூப். வார்ட்டன் மாதிரி அமெரிக்கக் கல்லூரிகள் பள்ளி மாணவர்களுக்குக் கோடையில் நடத்தும் பிசினஸ் புரோகிராமுக்குப் போகணும் என்று நிற்கிறான். ஃபீஸ் பல லட்சம், அதற்கு மேல் விசா, டிக்கெட். நமக்கு இருப்பதோ கொஞ்சம் தேயிலைத் தோட்டம். போனால் பிறகு அங்கே சீட் கிடைக்குமா?

குன்னூர் டீச்சர்: அதில் சேர்ந்தால் சீட் உறுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க, அட்மிஷன் தனி. வார்ட்டனே பள்ளி மாணவர்களுக்கு ஒரு முதலீட்டுப் போட்டி நடத்துகிறது. ஓர் ஆசிரியர் வழிகாட்ட, குழுவாக ஆன்லைனில் கலந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. முதலில் அதில் இறங்கட்டும்.

கொடைக்கானல் வியாபாரி: டீச்சர் சொல்வது சரி. அப்புறம், பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி தரும் விலை ஏன் ஏறி இறங்குகிறது, குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது, இடையில் யார் யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்று லீவில் அவனே கணக்கு எழுதிப் பார்க்கட்டுமே. எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் அந்தப் பெயரை வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கத் தெரிந்தவர்கள் குறைவுதான். விண்ணப்பத்தில் எழுத இதெல்லாம் நல்ல சரக்கு.

கோத்தகிரிக்காரன்: ஏலக் கணக்கு என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். போட்டிக்குச் சரி என்கிறான். டீச்சர், குழுவில் எத்தனை பேர் வேண்டும்?