புதுப்பிப்பு: ஒரே காலுக்கு 1+, அப்புறம் 3

போன மாதம் எழுதியது நினைவிருக்கும்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு இறுகிப் போன என் இடது முழங்காலுக்கு, இறுக்கத்தை 0 முதல் 4 வரை எண்ணால் குறிக்கும் அளவுகோலில் (எண் கூடினால் இறுக்கம் அதிகம்), ஒரே வாரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் 1+ போட்டார், இன்னொருவர் 3 போட்டார். யார் சொன்னது சரி என்று கேட்டிருந்தேன்.

இருவருமே சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். கால்தான் வேறு மாதிரி இருந்திருக்கிறது. முதல் முறை காலையில், தசையை நீட்டும் பயிற்சி முடிந்த கையோடு, படுத்த நிலையில். இரண்டாவது முறை மாலையில், சக்கர நாற்காலியில், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தபோது. அது நிரம்பினால் இறுக்கம் கூடும் என்பது தண்டுவடக் காயம் பட்ட எங்களுக்குத் தெரியாத சங்கதியா! சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று, வேகம். இந்த இறுக்கத்தின் குணமே, வேகமாக மடக்கினால் கூடுதலாக எதிர்ப்பது. அவர்கள் இருவரும் பயன்படுத்திய, 1987-இல் திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோல் கையின் உணர்வை நம்பியே எண் போடுகிறது. டார்டியூ என்ற இன்னொரு சோதனை முறையில் மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை அசைத்து, கால் எந்தக் கோணத்தில் தடைபடுகிறது என்று பார்க்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

இப்போது ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே படுக்கை, பயிற்சிக்கு முன்னால். மூன்று வாரமும் 2 தான். ராத்திரி வெட்டி இழுப்பதை மட்டும் எந்த எண்ணும் பிடிக்கவில்லை; அதை நானே நோட்டில் எண்ணி வைக்கிறேன். இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தான பேக்லோஃபெனின் அளவை மாற்றலாமா என்று பார்க்க அடுத்த முறை அந்த நோட்டைத்தான் டாக்டர் கேட்டிருக்கிறார்.